உலோகமும் மின்கடத்தாப் பொருளும் கலந்த ஒளிப்படிகம்: எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் எடுப்பவர்களுக்கு

அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக வளாகத்திலோ பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலோ எம்.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டு, இறுதிப் பருவத்துக்குக் கலப்பு ஒளிப்படிகத்தை (ஒளிவிலகல் எண் சீராக மாறிமாறி வந்து சில அலைநீளங்களை ஊடுருவ விடாத அமைப்போடு உலோகமும் சேர்ந்தது) எடுக்க நினைப்பவர்களுக்கு, இதே தலைப்பில் வாய்மொழித் தேர்வு வரை சென்றவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: முப்பரிமாண அமைப்புக்குப் போக வேண்டாம், இரண்டு மின்கடத்தாப் பொருள்கள் மாறிமாறி வரும் ஒரு பரிமாண அடுக்கும் அதன்மேல் ஒரு வெள்ளிப் படலமும் போதும். சித்திரை வெயிலில் மடிக்கணினியை இரவெல்லாம் ஓடவிட்டு வண்ணப் படங்கள் எடுப்பதைவிட, தேர்வாளர் முன் தாளில் போட்டுக் காட்டக்கூடிய கணக்கே கைகொடுக்கும்.

ஒளிப்படிகத் துறைக்கு வித்திட்ட, 1987-இல் யாப்லோனோவிச்சும் சஜீவ் ஜானும் தனித்தனியே வெளியிட்ட கட்டுரைகளை முன்னுரையில் ஒரு பத்தியில் முடித்துவிடலாம். தடிமன் கணக்கில்தான் நிதானம் வேண்டும். 600 நானோமீட்டர் ஒளிக்குக் கால் அலைநீள அடுக்கு (தடிமனை ஒளிவிலகல் எண்ணால் பெருக்கினால் அலைநீளத்தில் கால் பங்கு) என்றால், ஒளிவிலகல் எண் 1.46 உள்ள சிலிக்கா ஏறத்தாழ 103 நானோமீட்டர், 2.4 எனக் கொள்ளும் டைட்டானியா 62.5 நானோமீட்டர்.

இனி வெள்ளி. அடுக்கும் ஒளியைத் திருப்பி அனுப்பும், வெள்ளியும் திருப்பி அனுப்பும். ஆனால் டைட்டானியா வெள்ளியை ஒட்டி வருமாறு இரண்டையும் சேர்த்தால், அடுக்கு ஊடுருவ விடாத அலைநீளங்களான தடைப்பட்டைக்குள்ளேயே ஓர் அலைநீளத்தில் எதிரொளிப்பு சட்டென்று தாழ்கிறது. 2007-இல் கலிதீவ்ஸ்கி குழுவினர் கோட்பாட்டளவில் விளக்கிய டாம் பிளாஸ்மான் நிலை இதுவே. அடுக்கும் வெள்ளியும் சந்திக்கும் இடத்தருகே ஒளி செறிகிறது. உலோகப் பரப்பை ஒட்டி ஓடும் பரப்புப் பிளாஸ்மானைத் தூண்டப் பொதுவாகப் பட்டகம் வேண்டும், இதற்கு அது தேவையில்லை. நேர்க்குத்தாக விழும் ஒளியே போதும். வெள்ளியை ஒட்டிய அடுக்கின் தடிமனைக் கூட்டினால் அந்தப் பள்ளம் நீண்ட அலைநீளப் பக்கம் நகரும். ஒளியைக் கட்டுப்படுத்துவது என்றால் என்னவென்று கேட்கும்போது இந்த ஒரு வரைபடத்தை நீட்டினால் போதும்.

கணக்குக்கு, ஒவ்வோர் அடுக்கையும் ஓர் அணியாக எழுதிப் பெருக்கும் டிரான்ஸ்ஃபர் மேட்ரிக்ஸ் முறையைப் பைத்தானில் நீங்களே எழுதுங்கள். வெள்ளியின் ஒளியியல் மாறிலிகளை ஜான்சன், கிறிஸ்டி 1972-இல் வெளியிட்ட அட்டவணையிலிருந்து எடுப்பது நல்லது. உலோக எலக்ட்ரான்களைக் கட்டற்றவையாகக் கொள்ளும் டுரூட் மாதிரி சிவப்புப் பக்கத்தில் ஓரளவு பொருந்தினாலும், தங்கம் என்று வந்துவிட்டால் 520 நானோமீட்டருக்குக் கீழே கைவிட்டுவிடும். எதிரொளிப்பையும் ஊடுருவலையும் கூட்டி 1-ஐத் தாண்டினால், பெரும்பாலும் ஒளிவிலகல் எண்ணின் கற்பனைப் பகுதிக்கு நீங்கள் இட்ட குறி, காலச்சார்புக்கு எடுத்த குறியோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள். 1-க்குக் குறைந்த மிச்சம் எங்கே போயிற்று என்பது தேர்வாளர் தவறாமல் கேட்கும் கேள்வி. அது வெள்ளியில் உட்கவரப்பட்டு வெப்பமாகிறது என்பதால், உட்கவர்வையும் தனிக் கோடாக வரைந்து வையுங்கள். நேரம் இருந்தால், விழுகோணத்தை மாற்றி டி.இ., டி.எம். என்ற இரு முனைவாக்கங்களுக்கும் பள்ளம் குறுகிய அலைநீளம் நோக்கி நகர்வதையும் சேர்க்கலாம்.