மஞ்சள் பட்டையை அழுத்தச் சொன்னது நான்தான்

2005இல் இயற்பியல் கலைச்சொற்களுக்காக ஒரு சின்ன அகராதி செய்தேன். மொத்தமே ஒரு வலைப்பக்கம்தான். தேடல் பெட்டியில் ஆங்கிலச் சொல்லை அடித்தால், கீழே தமிழ்ச்சொல்லும் இரண்டு வரி விளக்கமும் வரும். இணைய வசதி இல்லாதவர்களுக்கும் பயன்படட்டும் என்று சிடியில் எழுதிக் கொடுத்தேன். என் கணினியில் ஃபயர்பாக்ஸில் நன்றாக ஓடியது.

முதல் சிடியை வாங்கிப் போனவர் எனக்குத் தெரிந்த ஓர் இயற்பியல் ஆசிரியை. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மறுநாளே போன் செய்தார். "தம்பி, ஃபோல்டரை என் கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணித் திறந்தேன். மேல மஞ்சளா ஒரு பட்டை வருது. என்னமோ ஆபத்துங்குது. என்ன செய்யட்டும்?"

"ஒண்ணும் இல்லக்கா. அதை அழுத்தி, அனுமதின்னு குடுங்க. அடுத்து ஒரு கேள்வி கேக்கும், அதுக்கும் யெஸ் குடுங்க."

அதோடு விடவில்லை. அடுத்த சிடிகளில் இருந்த உதவிப் பக்கத்தின் முதல் வரியாகவே அதை எழுதி வைத்தேன்: மஞ்சள் பட்டை வந்தால் பயப்பட வேண்டாம், அனுமதி கொடுங்கள். அந்த வரியை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

அந்தப் பட்டை ஏன் வந்தது என்று எனக்கே அப்போது தெரியாது. அப்புறம்தான் படித்தேன். அக்கா திறந்தது இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பிரவுசரில். அதன் பழைய பதிப்புகள், வலைத்தளத்திலிருந்து வரும் பக்கத்தைச் சந்தேகத்தோடு பார்க்கும். சொந்த வட்டில் இருக்கும் பக்கத்தையோ கண்ணை மூடிக்கொண்டு நம்பும். வட்டில் இருப்பது வீட்டுக்காரருடையது என்று அதன் கணக்கு. கெட்ட நோக்கம் கொண்டவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். தங்கள் பக்கத்தை எப்படியாவது வட்டுக்குள் சேர்த்துவிட்டால், அல்லது வட்டில் இருப்பதாகப் பிரவுசரை நம்பவைத்துவிட்டால், கணினி அவர்கள் கைக்குப் போய்விடும். அதனால்தான் 2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு வந்த சர்வீஸ் பேக் 2 என்ற மேம்படுத்தல் அந்த நம்பிக்கையைப் பறித்துவிட்டது. வலைத்தளத்தில் போட்டிருந்தால் கேள்வியே இல்லாமல் ஓடியிருக்கும் என் அகராதி, சொந்த வட்டில் தடுக்கப்பட்டது. அநியாயமாகத் தோன்றியது. காரணம் தெரிந்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

பக்கத்தின் மேலே ஒரு குறிப்பு வரி சேர்த்தால் பட்டை வராது என்றும் தெரிந்துகொண்டேன். இந்தப் பக்கம் இணையத்திலிருந்து சேமிக்கப்பட்டது என்று சொல்லும் வரி அது. அதில் முகவரியும், முகவரியின் எழுத்து எண்ணிக்கையும் இருக்க வேண்டும். 'அபௌட்:இன்டர்நெட்' என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் 14 எழுத்து, ஆகவே 0014. அப்படி எழுதினால் பிரவுசர் அந்தப் பக்கத்தைச் சாதாரண இணையப் பக்கமாகவே நடத்தும். கூடுதல் உரிமையும் இல்லை, கூடுதல் தடையும் இல்லை. எனக்கு இது வேலை செய்ய இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின. அந்த வரி விண்டோஸ் முறையில், வரி முடிவைக் காட்டும் இரண்டு மறைகுறிகளோடு முடிய வேண்டும். என் எடிட்டர் யுனிக்ஸ் முறையில் ஒற்றைக் குறியோடு சேமித்துக்கொண்டிருந்தது.

பின்னாளில் அதே அகராதியை உதவி ஃபைல் வடிவத்தில் மாற்றி இறக்கிக்கொள்ளக் கொடுத்தபோது வேறு சிக்கல். இடப்பக்கம் தலைப்புகள் வரும், வலப்பக்கம் வெறுமையாக இருக்கும். இணையத்திலிருந்து இறங்கும் ஃபைலுக்கு விண்டோஸ் வைக்கும் அடையாளம்தான் காரணம். விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் வடிவ வட்டில் அது ஃபைலோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். ஃபேட்32 என்ற பழைய வடிவத்தில் உள்ள பென்டிரைவுக்குக் காப்பி செய்தால் உதிர்ந்துவிடும். அதனால்தான் இணையத்தில் இறக்கியவருக்குத் திறக்காதது, பென்டிரைவில் வாங்கியவருக்குத் திறந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரிந்த ஃபைல் என்றால், ப்ராப்பர்ட்டீஸில் போய் அன்பிளாக் கொடுத்தால் போதும்.

ஆனால் என்னை அதிகம் அலைக்கழித்தது எச்சரிக்கையே வராத தடை. சில வருடங்களுக்கு முன் அகராதியைப் புதிதாக எழுதினேன். தேடலை இயக்கும் ஸ்கிரிப்டை மாட்யூல்கள் என்ற தனித்தனித் துண்டுகளாகப் பிரித்தேன், சொற்களை ஜேசான் என்ற தரவு வடிவில் தனி ஃபைலில் வைத்தேன். சர்வரில் சோதித்தபோது எல்லாம் சரி. ஃபோல்டரைத் திறந்து டபுள் கிளிக் செய்தால் தேடல் பெட்டி மட்டும் நிற்கிறது, ஒரு சொல்லும் வரவில்லை. மஞ்சள் பட்டையும் இல்லை, கேள்வியும் இல்லை. எஃப்12 அழுத்தி, பிழைகளைக் காட்டும் கன்சோலைத் திறந்தால்தான் சிஓஆர்எஸ் என்று சிவப்பில் ஒரு வரி தெரியும். ஓரிடத்துப் பக்கம் வேறிடத்து ஃபைலைப் படிப்பதைக் கட்டுப்படுத்தும் விதி அது. அக்கா மாதிரி ஒருவர் எதற்கு எஃப்12 அழுத்தப் போகிறார்? அகராதி கெட்டுப்போய்விட்டது என்று மூடிவிடுவார். தடுத்தது சரி; தடுத்ததைப் பயனாளரிடம் சொல்லாததுதான் எனக்கு வருத்தம்.

தடுத்ததற்கு நல்ல காரணம் இருக்கிறது. குரோம் வட்டில் உள்ள ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனி ஊராகவே பார்க்கிறது. ஒரே ஃபோல்டரில் இருந்தாலும் ஒன்று இன்னொன்றைப் படிக்க முடியாது. ஃபயர்பாக்ஸும் 2019இல் வந்த 68ஆம் பதிப்பிலிருந்து அப்படித்தான். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை நினைத்துப் பாருங்கள். யாரோ அனுப்பிய ஒரு பக்கத்தைத் திறந்ததும், பக்கத்திலேயே கிடக்கும் வங்கி அறிக்கையை அது படித்து வெளியே அனுப்பிவிடலாம் என்றால் நன்றாகவா இருக்கும்?

குரோமில் இந்தத் தடையை நீக்கும் தொடக்கக் கட்டளை ஒன்று உண்டு. அதைச் சொல்லித்தரும்படி ஒருவர் கேட்டார், மறுத்துவிட்டேன். அது என் அகராதிக்கு மட்டும் திறக்கும் கதவு இல்லை, அந்த பிரவுசரில் திறக்கும் எல்லா உள்ளூர்ப் பக்கங்களுக்கும் திறந்துவிடும்.

அதனால் என் பக்கத்தையே மாற்றினேன். மாட்யூல்களை ஒன்றாக்கிப் பழைய பாணி ஸ்கிரிப்டாக வைத்தேன். ஜேசானை ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலாக்கி, சொற்களை ஒரு மாறிக்குள் போட்டேன். பழைய பாணி ஸ்கிரிப்ட் டேகுக்கு இந்தத் தடை இல்லை. இப்போது டபுள் கிளிக்கில் திறக்கிறது, எந்த செட்டிங்கையும் தொட வேண்டாம். நான் வேலை செய்யும்போது மட்டும் பைத்தானின் சின்ன சர்வரை 127.0.0.1இல், அதாவது என் கணினிக்கு மட்டுமே எட்டும் முகவரியில், ஓட விடுகிறேன். நீங்களும் செய்தால், சர்வரைத் தொடங்கும் கட்டளையில் அந்த முகவரியைச் சேர்த்துக் கொடுக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அதே வைஃபையில் இருப்பவர்களும் உங்கள் ஃபோல்டரைப் பார்க்க முடியும்.

புதிய பதிப்பின் உதவிப் பக்கத்திலிருந்து அந்த முதல் வரியை எடுத்துவிட்டேன். பழைய சிடிகள் எத்தனை பேரிடம் இருக்கின்றனவோ! உங்களிடம் ஒன்று இருந்தால் அகராதியை வைத்துக்கொள்ளுங்கள், சொற்கள் எல்லாம் சரிபார்த்தவைதான். அந்த ஒரு வரியை மட்டும் தயவுசெய்து பின்பற்றாதீர்கள்.