41-வது புதிர்: ராணியைக் கொடுத்த பிறகு

பொங்கல் முடிந்ததும் ஆரம்பித்த பழக்கம் இது. தினம் ஒரு செஸ் புதிர், விடையைப் பார்க்காமல், முடிந்தவரை மனதுக்குள்ளேயே. வேலை கிருஷ்ணகிரியில், வீடு தருமபுரியில் என்பதால் பஸ்ஸில் போகும் நேரம் இதற்குத்தான். காலையில் நிலையை நோட்டில் எழுதிக்கொண்டு ஏறுவேன். பெரும்பாலான நாட்களில் காரிமங்கலம் வருவதற்குள் முடிந்துவிடும். 41-வது புதிர் இரவு வரை இழுத்தது.

பலகை இருப்பவர்கள் அடுக்கிப் பாருங்கள். வெள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் எழுத்து (ஏ முதல் எச் வரை) இடமிருந்து வலமாக, எண் (1 முதல் 8 வரை) கீழிருந்து மேலாகக் கட்டத்தைக் குறிக்கும். வெள்ளை: ராஜா சி1, ராணி டி3, யானைகள் டி1, எச்1, பிஷப்புகள் டி2, எஃப்1, குதிரை ஜி1, சிப்பாய்கள் ஏ2, பி2, சி2, எஃப்2, ஜி2, எச்2. கறுப்பு: ராஜா இ8, ராணி இ5, யானைகள் ஏ8, எச்8, பிஷப்புகள் சி8, எஃப்8, குதிரைகள் பி8, இ4, சிப்பாய்கள் ஏ7, பி7, சி6, எஃப்7, ஜி7, எச்7. வெள்ளையின் முறை. மூன்று நகர்வில் மேட், அதாவது ராஜா தப்ப வழியே இல்லாதபடி தாக்க வேண்டும்.

வெள்ளைக்கு ஒரு குதிரை குறைவு. என் கண் முதலில் அங்கேதான் போனது. டி1 யானையை இ1-க்குக் கொண்டுவந்தால் இ4 குதிரை மாட்டிக்கொள்கிறது. அது நகர்ந்தால் பின்னால் இருக்கும் ராணியை யானை செக்கோடு, அதாவது ராஜாவையும் தாக்கியபடி, வெட்டிவிடும். கெட்ட நகர்வில்லை, ஆனால் மேட் இல்லை. காரிமங்கலம் தாண்டியும் அதையே சுற்றிக்கொண்டிருந்தேன்.

காவேரிப்பட்டணம் நெருங்கும்போது டி வரிசையை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். வெள்ளையின் யானை, பிஷப், ராணி மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. அதற்கு மேல் டி8 வரை ஒரு காய்கூட இல்லை. ராணி நேராக டி8-க்குப் போனால் செக். ராஜாவுக்கு ஓட இடமில்லை, ராணியை வெட்டியே ஆக வேண்டும். வெட்டியதும் அது யானையின் வரிசையில் வந்து நிற்கும், நடுவில் இருப்பது பிஷப் ஒன்றுதான். பிஷப் விலகினால் யானை செக். விலகிய இடத்திலிருந்து பிஷப்பும் செக் கொடுத்தால் இரட்டைச் செக். விடை கிடைத்துவிட்டது என்று நோட்டை மூடிவிட்டேன்.

அங்கேதான் தப்பு செய்தேன். பிஷப் எங்கே விலக வேண்டும் என்று எழுதவே இல்லை.

இரவு சாப்பிட்ட பிறகு அக்கா மகளோடு பலகையில் அடுக்கினேன். ஏழாவது படிக்கிறாள், கறுப்பு அவளுக்கு. ராணியை டி8-இல் வைத்ததும், "மாமா, நிஜமாவே குடுக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு வெட்டினாள். நான் பிஷப்பை ஏ5-இல் வைத்தேன். இரட்டைச் செக்தான். அவள் ராஜாவை இ8-க்குத் தள்ளினாள். யானையை டி8-க்கு ஏற்றி செக் சொன்னேன். அவள் அமைதியாக இ7-க்கு நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தாள். அதோடு என்னிடம் எதுவும் மிச்சமில்லை. ராணியும் போய்விட்டது, மேட்டும் இல்லை.

ஏன் ஏ5-ஐ எடுத்தேன் என்று யோசித்தேன். ராஜா சி7 வழியாக வெளியேறிவிடும் என்ற பயம். ஏ5-இல் நிற்கும் பிஷப் சி7-ஐ அடைக்கிறது, ஆனால் இ7 திறந்து கிடக்கிறது. சரி, மறுபக்கம் வைத்தால்? பிஷப்பை ஜி5-இல் வைத்தேன். இப்போது இ7 அடைபட்டது, சி7 திறந்தது.

"இதை நான் வெட்டிடுவேனே மாமா, குதிரையாலயும் முடியும், ராணியாலயும் முடியும்."

"வெட்டிக்கோ. யானை செக்கை என்ன பண்ணுவே?"

கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தாள். பிறகு குதிரையைத் தொட்ட கையை எடுத்துக்கொண்டாள். இரட்டைச் செக்கில் ஒரு காயை வெட்டினாலும் மற்றது செக்கிலேயே வைத்திருக்கும், குறுக்கே எதையும் வைக்கவும் முடியாது. ராஜா நகர்ந்தே தீர வேண்டும். எனக்குத் தெரிந்த விதிதான். ஆனால் அவள் விரல் ஜி5 வரை போய்த் திரும்பியபோதுதான் அதன் பலம் எனக்கே உறைத்தது.

இ8-க்குப் போனால் யானை டி8-இல் மேட், ஏனென்றால் ஜி5 பிஷப் இ7-ஐயும் டி8-ஐயும் சேர்த்துக் காக்கிறது. அவள் சி7-க்குப் போனாள், நான் பயந்த அதே கட்டம். பிஷப் ஜி5-லிருந்து டி8-க்குத் திரும்பியது. செக். பின்னால் யானை காவல் இருப்பதால் வெட்ட முடியாது, டி6, டி7 யானையின் பிடியில், பி6 பிஷப்பின் பாதையில். பி7, பி8, சி6, சி8 நான்கிலும் அவள் காய்களே நிற்கின்றன. மேட். நான் அடைக்க நினைத்த கட்டத்துக்குள் ராஜாவை விட்டுத்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

சரிபார்க்கும்போதுதான் தெரிந்தது, இது 1910-இல் வியன்னாவில் ரிச்சர்டு ரெட்டி வெள்ளையில், டார்டகோவருக்கு எதிராக ஆடிய ஆட்டம். கரோ-கான் என்ற தொடக்க ஆட்டமுறை, மொத்தமே 11 நகர்வு. டார்டகோவர் லேசான ஆட்டக்காரர் இல்லை. புதிருக்கு முந்தைய நகர்வில், இ4-இல் இருந்த வெள்ளைக் குதிரையை வெட்டியதுதான் அவர் செய்த பிழை. 1889-இல் பிறந்த ரெட்டிக்கு அப்போது இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும். பலகையில் காயைத் தொடாமலேயே அவர் ஜி5-ஐப் பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

இன்று முதல் நோட்டில் ஒரு மாற்றம். முதல் நகர்வை மட்டும் எழுதி மூடுவதில்லை. எதிராளியின் ஒவ்வொரு பதிலையும் எழுதி, கடைசிக் கட்டம் வரை போன பிறகே பக்கத்தைத் திருப்புகிறேன்.

தூங்கப் போகும் முன் அவள் ஒரு நகர்வு பின்னால் போய் அடுக்கச் சொன்னாள். வெள்ளைக் குதிரை இ4-இல், கறுப்புக் குதிரை எஃப்6-இல். "இங்க குதிரையை வெட்டாம, பிஷப்பை இ7-ல வைக்கிறேன். இப்ப குடுங்க பார்க்கலாம்." ராணியை டி8-இல் வைத்தேன். ராஜா அசையவே இல்லை, பிஷப் வந்து வெட்டிவிட்டது.