கரண்ட் பில்லை வைத்துப் பேசினோம்: ஒரு கோரிக்கை மனு தயாரான கதை

பட்ஜெட் தயாராகும் நேரத்தில் தொழில் சங்கங்களை அழைத்து அரசு கருத்துக் கேட்பது வழக்கம். கோவையில் லேத், ஃபேப்ரிகேஷன், பம்ப் உதிரிபாகம் என்று ஜாப் ஒர்க் செய்கிறவர்கள் சேர்ந்த எங்கள் சின்ன சங்கத்துக்கும் அழைப்பு வந்தது. தமிழ்நாட்டுத் தொழில்கள் வெளிமாநிலங்களோடு போட்டியில் நிற்க அரசு எதை முதலில் செய்ய வேண்டும் என்று எழுதித் தர வேண்டும். மனுவைத் தயாரித்த குழுவில் நானும் இருந்தேன். வேறு ஊர்ச் சங்கங்களுக்குப் பயன்படலாம் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பொதுக்குழுவில் மைக்கைக் கொடுத்ததும் குறைகள் கொட்டின. ஜாப் ஒர்க்குக்கு ஜிஎஸ்டி, இரும்பு விலை, வங்கி வட்டி, சொத்து வரி, ஆள் கிடைக்காதது, அரசின் சிட்கோ தொழிற்பேட்டை மனை, மழை பெய்தால் லாரி வர முடியாத சாலை, பெரிய கம்பெனிகள் பணத்தை இழுத்தடிப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கரண்ட் பில். ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் அத்தனையையும் அப்படியே எழுதிக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்களே தவிர வேலை நடக்காது. சங்கத்தில் மூத்தவர் ஒருவர், முன்பு பல மனுக்கள் எழுதியவர், சொன்னார்: "தம்பி, ஒவ்வொரு குறைக்கும் பக்கத்துல யார் கையெழுத்துப் போட்டா இது மாறும்னு எழுதுங்க. பேர் எழுத முடியலைன்னா அதை எடுத்துடுங்க."

அதைச் செய்ததும் பட்டியல் பாதியாகிவிட்டது. ஜிஎஸ்டி விகிதம் கவுன்சிலில் முடிவாகிற விஷயம், மாநிலம் பரிந்துரைக்க மட்டுமே முடியும், அதனால் அது தனிக் கடிதமாகப் போனது. சொத்து வரியை 2022இல் உயர்த்தியபோது தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு 75 சதவீதம் ஏற்றினார்கள், அது நகராட்சி நிர்வாகத் துறை பார்ப்பது, அதற்கும் தனி மனு. பணம் இழுத்தடிக்கப்படும் பிரச்சினைக்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி வாங்கியவர் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது, வைத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். கோவையிலேயே இதற்கென வசதியாக்கக் கவுன்சில் இருக்கிறது. எங்கள் ஆட்கள் அங்கே போகத் தயங்குகிறார்கள், காரணம் எளிது, வழக்குப் போட்ட மறுநாள் ஆர்டர் நின்றுவிடும். ஆகவே புதுச் சட்டம் கேட்காமல், மாநில அரசு நிறுவனங்கள் தங்கள் பாக்கியை எத்தனை நாளில் தீர்த்தன என்பதை வெளியிட வேண்டும் என்று மட்டும் கேட்டோம்.

மீதி நேரமெல்லாம் கரண்ட் பில்லுக்குத்தான் போனது. இதில் சங்கத்துக்குள்ளேயே இரண்டு கட்சி. உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் ஒரு சிலருக்குக் காற்றாலை மின்சாரத்தைச் சேமித்து வைத்து எடுக்கும் விதிகள்தான் பெரிய கவலை. 3பி என்ற தாழ்வழுத்தத் தொழில் இணைப்பில் ஓடும் பட்டறைக்காரர்களுக்கோ நிலைக்கட்டணம், அதாவது யூனிட் கணக்கில்லாமல் லோடுக்கு ஏற்ப மாதாமாதம் கட்டும் தொகை. எண்ணிக்கையில் பட்டறைகள்தான் அதிகம், அவர்களுக்குப் பேச வேறு மேடையும் இல்லை, அதனால் நிலைக்கட்டணத்தையே முதல் கோரிக்கையாக வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். வாக்குவாதம் நீண்டது, கடைசியில் ஒப்புக்கொண்டார்கள்.

உறுப்பினர்களிடம் பில் கேட்டோம். அதில் ஒரு பட்டறையின் பில்தான் எங்கள் மனுவையே மாற்றியது. அந்த உறுப்பினர் 48 கிலோவாட் லோடு, அதாவது இணைப்புக்கு அனுமதி வாங்கிய மின்சுமை, வைத்து ஓட்டிக்கொண்டிருந்தவர். கடன் வாங்கி கணினியில் இயங்கும் ஒரு சிஎன்சி எந்திரம் போட்டார், லோடு 54 ஆனது. 2022 செப்டம்பரில் வந்த கட்டண உத்தரவுக்கு முன் நிலைக்கட்டணம் கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாய்தான். அந்த உத்தரவில் 50 கிலோவாட் வரை 75 ரூபாய், அதைத் தாண்டினால் 150 ரூபாய் என்று ஆக்கினார்கள். தாண்டிய பகுதிக்கு மட்டும் 150 என்றிருந்தால் பரவாயில்லை, மொத்த லோடுக்கும் 150. அதாவது அந்த உத்தரவின் கணக்குப்படி 48க்கு 3,600 ரூபாய் கட்டியிருக்க வேண்டியவர் 54க்கு 8,100 ரூபாய் கட்ட வேண்டும். ஆறு கிலோவாட் கூடியதற்கு 4,500 ரூபாய். எந்திரம் ஓடினாலும் சரி, ஆர்டர் இல்லாமல் உறை போட்டு மூடிக் கிடந்தாலும் சரி, மாதாமாதம் இது உண்டு. 112 கிலோவாட்டில் இருப்பவருக்கு 3,920 ரூபாய் 16,800 ஆனது. அதற்கப்புறம் வருடாவருடம் ஜூலையில் விலைவாசியை ஒட்டிய உயர்வு வேறு: 2023இல் 2.18 சதவீதம், 2024இல் 4.83 சதவீதம்.

வளர்கிறவனுக்கு விழும் அடி இது. பக்கத்து மாநிலத்தில் யூனிட் என்ன விலை என்ற ஒப்பீட்டை எல்லோரும் மேடையில் சொல்கிறார்கள், ஆனால் ஒரு பட்டறை புது எந்திரம் வாங்காமல் ஐம்பதுக்குள்ளேயே நின்றுவிட முடிவு செய்தால் அது எந்த ஒப்பீட்டிலும் வராது. அந்தப் பட்டறை செய்திருக்க வேண்டிய ஆர்டர் சத்தமில்லாமல் குஜராத்தின் ராஜ்கோட்டுக்குப் போய்விடும்.

ஆகவே "நிலைக்கட்டணத்தை ரத்து செய்" என்று எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, முதல் 50க்கு 75, அதற்கு மேற்பட்டதற்கு மட்டும் 150 என்று அடுக்கடுக்காகக் கணக்கிடச் சொல்லிக் கேட்டோம். அப்படிப் பார்த்தால் அந்த 54 கிலோவாட் பட்டறைக்கு 4,350 ரூபாய் வரும். பழைய 35 ரூபாயைத்தான் கேட்க வேண்டும் என்று கோபப்பட்டவர்களும் உண்டு. அவர்கள் கோபம் நியாயமானது. 2023 செப்டம்பரில் மாநிலம் முழுக்கக் கதவடைப்பு செய்தவர்கள்தானே, அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் எங்கள் பிரிவில் உச்சநேரக் கட்டணம், அதாவது மின்தேவை அதிகமான நேரத்தில் போடும் கூடுதல் கட்டணம், 25 சதவீதத்திலிருந்து 15 ஆனது, 12 கிலோவாட் வரை உள்ளவர்களைக் குறைந்த கட்டணப் பிரிவுக்கு மாற்றினார்கள். தெருவில் இறங்கியதால் கிடைத்தது அது. மனுவில் கிடைப்பது வேறு மாதிரி.

மனுவோடு போனோம். உள்ளே நேரம் கொஞ்சம்தான் கொடுத்தார்கள். அதிகாரி ஒருவர் பில் நகலைக் கையில் வாங்கி, கட்டம் போட்டிருந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு கேட்டது ஒரே கேள்வி: "கட்டணம் நிர்ணயிப்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையம், நாங்கள் எப்படி மாற்றுவது?" இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தே தயாராகப் போயிருந்தோம். மின்சாரச் சட்டம் 2003இன் 65ஆவது பிரிவுப்படி, ஆணையம் நிர்ணயித்த கட்டணத்தில் ஒரு பிரிவினருக்குச் சலுகை தர அரசு விரும்பினால் அந்தத் தொகையை மானியமாக ஈடு செய்யலாம். 2023 ஜூலையில் வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டதை எடுத்துச் சொன்னோம். உடனே அவர், "சரி, உங்கள் கணக்குப்படி மாவட்டத்துக்கு எவ்வளவு ஆகும்?" என்று திருப்பிக் கேட்டார். பேச்சு அங்கேதான் உண்மையில் ஆரம்பித்தது என்பேன். எங்கள் உறுப்பினர்களுக்கான தொகை மட்டுமே கையில் இருந்தது, அதைக் கொடுத்தோம்.

இதுவரை உத்தரவு எதுவும் வரவில்லை. மற்ற சங்கங்களிடம் 50இலிருந்து 112 வரை லோடு உள்ள இணைப்புகளின் பில்களைக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறோம். அடுத்த கட்டண மனு ஆணையத்துக்கு வரும்போது கருத்துக்கேட்பில் யார் வேண்டுமானாலும் எழுத்துப்பூர்வமாகக் கொடுக்கலாம், நேரிலும் பேசலாம். 2022 ஆகஸ்டில் கோவையிலேயே அது நடந்தது. உங்கள் சங்கமும் வருவதாக இருந்தால் இப்போதே ஒரு வருட பில்களை எடுத்து வையுங்கள், எந்திரம் நின்ற மாதங்களின் பில்லைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், லோடு கூட்டிய தேதிக்கான கடிதமும் கூடவே இருக்கட்டும்.