பழைய வாடகை வீட்டுக்கு ஒரு கலெக்‌ஷன் கடிதம்

செப்டம்பர் 9, 2025

கலிஃபோர்னியாவின் சான் ஹோசே அப்பார்ட்மென்ட்டை ஜூன் கடைசியில் காலி செய்துவிட்டு சாக்ரமென்டோ வந்துவிட்டோம். 2018 ஜூலையிலிருந்து ஏழு வருடம் அங்கே இருந்தோம், ஒரு மாத வாடகைகூடத் தள்ளிப்போனதில்லை. கொடுத்திருந்த 1,000 டாலர் டெபாசிட் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தால், இன்றைய தபாலில் ஒரு கலெக்‌ஷன் ஏஜென்சியிடமிருந்து, அதாவது கடன் வசூல் நிறுவனத்திடமிருந்து, கடிதம் வந்திருக்கிறது. வீட்டுக்குச் சேதம் விளைவித்தோமாம், 1,940 டாலர் பாக்கியாம். என்ன சேதம் என்று ஒரு வரி இல்லை.

என் கணவருக்கு முகமே மாறிவிட்டது. வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் கிரெடிட்டில் (கடன் வரலாற்றுப் பதிவில்) கறை விழுந்தால் வட்டி ஏறிவிடும் என்ற கவலை. “கட்டித் தொலைச்சிடலாம், நிம்மதியாவது மிஞ்சும்” என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. கேட்கிறார்கள் என்பதற்காக அது கடனாகிவிடாது.

செப்டம்பர் 10

காலையிலேயே போன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் அவசரப்படுத்தினார். இன்றே கார்டில் கட்டினால் 1,400-க்கு முடித்துத் தருகிறாராம். ஒரே நாளில் 540 டாலரை விட்டுக்கொடுக்க முடிகிறதென்றால், அந்த 1,940 எந்தக் கணக்கில் வந்தது?

“எதுவாக இருந்தாலும் எழுத்தில் அனுப்புங்கள், நானும் எழுத்தில் பதில் தருகிறேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறந்த தேதி, வங்கி விவரம் எதையும் சொல்லவில்லை.

இரவு உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். கடன் வசூல் முறைகளைக் கட்டுப்படுத்தும் மத்திய சட்டம் 1977-லிருந்தே இருக்கிறது. கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபித்தால், ஆதாரம் அனுப்பும்வரை அவர்கள் வசூலை நிறுத்தி வைக்க வேண்டும். வாயால் சொன்னால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது, எழுத்தில் இருக்க வேண்டும். கடிதத்தின் அடியிலேயே ஒரு படிவம் இருக்கிறது: ‘இது என் கடன் அல்ல’, ‘தொகை தவறு’, ‘வேறு காரணம்’ என்று கட்டங்கள். கடைசி நாள் அக்டோபர் 14 என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். இவ்வளவு முக்கியமான விஷயம் தாளின் கடைசியில் கிடக்கிறது. தொகையைப் பார்த்த பதற்றத்தில் எத்தனை பேர் அதுவரை படிப்பார்கள்?

செப்டம்பர் 13

பழைய வீட்டுக்கு மேல்மாடியில் இருந்த அக்காவிடம் பேசினேன். அவர் போன வருடம் காலி செய்தவர். “எனக்கும் வந்துதும்மா. 1,100 டாலர். புள்ளைங்க படிப்பு, வேலை, இதுக்கு நடுவுல யாரு அலையறதுன்னு ரெண்டு தவணையா கட்டிட்டேன்” என்றார். எதற்காக அந்தப் பணம் என்று கேட்டேன். “கார்ப்பெட்டுன்னாங்க.” ரசீது? “யாரு கேட்டா?”

அந்தக் கார்ப்பெட் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். கண்ணாடி மாதிரி வைத்திருந்தார். போனை வைத்த பிறகும் வெகுநேரம் ஆறவில்லை.

மதியமே கடிதம் எழுதினேன். அதில் உணர்ச்சிக்கு இடமில்லை. இந்தத் தொகையை முழுவதுமாக மறுக்கிறேன்; பொருள் வாரியாகக் கணக்கு, ரசீது, படம், எங்கள் கையெழுத்துள்ள ஒப்பந்த நகல் ஆகியவை வேண்டும்; இனி தபாலில் மட்டும் தொடர்பு கொள்ளுங்கள். திங்கட்கிழமை சர்டிஃபைடு மெயிலில், அவர்கள் கையெழுத்திட்ட ரசீது திரும்பி வரும்படி அனுப்ப வேண்டும்.

செப்டம்பர் 20

கிரெடிட் அறிக்கைகளைப் பார்த்தோம். கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் எக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் நிறுவனங்களின் அறிக்கைகள் மூன்றையும் வாரம் ஒருமுறை இலவசமாகவே எடுக்கலாம். இன்னும் எதிலும் ஏறவில்லை. ஏறினால் ஏழு வருடம் வரை இருக்கக்கூடும். நாம் மறுத்திருக்கிறோம் என்பதைக் குறிப்பிடாமல் ஏற்றவும் கூடாது. கலிஃபோர்னியாவில் வசூல் நிறுவனங்களுக்கு மாநில உரிமம் வேண்டும், அதையும் பார்த்தேன், இருக்கிறது. ஆக மோசடிக் கும்பல் இல்லை. அவர்களிடமிருந்து போன் வருவதும் நின்றுவிட்டது.

அக்டோபர் 11

பதில் வந்தது. ஆதாரம் என்று ஒரே ஒரு தாள். கார்ப்பெட் மாற்றியது 1,900, பெயின்ட் 740, சுத்தம் செய்தது 300. மொத்தம் 2,940-இல் டெபாசிட் 1,000 போக 1,940. ரசீதும் இல்லை, படமும் இல்லை. வசூல் நிறுவனம் இந்த அளவுக்குக் காட்டினாலே போதும் என்றுதான் நீதிமன்றங்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்கின்றன. எனவே இனிமேல் இவர்களோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, வீட்டுக்காரர் பக்கம்தான் திரும்ப வேண்டும். அவர்களைக் கட்டுப்படுத்துவது கலிஃபோர்னியா சிவில் சட்டத்தின் 1950.5-ஆம் பிரிவு.

காலி செய்த 21 நாளுக்குள் பிடித்தம் பற்றிய கணக்கு நம் கைக்கு அனுப்பப்பட வேண்டும். வேலைச் செலவு 125 டாலருக்கு மேல் போனால் ரசீதும் சேர வேண்டும். இந்த ஏப்ரல் 1-லிருந்து, காலி செய்த வீட்டைப் படம் எடுத்து வைப்பதும் கட்டாயம். சாவியை ஒப்படைத்த அன்றே புது முகவரியை லீசிங் ஆபீசுக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன், அவர்கள் ‘கிடைத்தது’ என்று எழுதிய பதிலும் இருக்கிறது. ஆனால் 21 நாளுக்குள் ஒன்றும் வரவில்லை.

அப்புறம் கார்ப்பெட். படுக்கையறை ஜன்னலோரம் கருகியிருந்தது என்கிறார்கள். ஃபைலைக் குடைந்து 2018-இல் குடியேறியபோது வீட்டின் நிலையைக் குறித்து நிரப்பிய படிவத்தை எடுத்தேன். படுக்கையறைக்கான வரியில் கணவரின் கையெழுத்தில் இருக்கிறது: ‘ஜன்னல் அருகே கார்ப்பெட்டில் தீய்ந்த தடம்’. பக்கத்தில் அப்போதைய மேலாளரின் சுருக்கொப்பம், நீல மையில். அன்றைக்கு எடுத்த படமும் கிளவுடில் கிடைத்தது. இஸ்திரிப் பெட்டியின் முனை பட்ட வடிவம், நுனியில் நூல்கள் உருகிக் கெட்டியாக ஒட்டியிருக்கின்றன, மேலே திரைச்சீலைகூட இல்லாத வெறும் ஜன்னல். நம் சாமான் ஒன்றுகூட உள்ளே வராத அறை அது. அவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். “கட்டிடலாம்” என்ற பேச்சு அத்தோடு நின்றது.

அந்தத் தடம் நாங்கள் வைத்ததாகவே இருந்தாலும் 1,900 கேட்க முடியாது. மாநிலத்தின் வாடகைதாரர் வழிகாட்டியில் ஓர் உதாரணம் வருகிறது: பத்து வருடம் உழைக்கும் கார்ப்பெட்டுக்கு எட்டு வயதாகிவிட்டது, புதியது 1,000 டாலர் என்றால், மிச்சமிருக்கும் இரண்டு வருடத்துக்கான 200 மட்டுமே கேட்கலாம். எங்கள் கார்ப்பெட்டோ 2018-லேயே பழசு. பெயின்ட்டுக்கும் அதே வழிகாட்டி ஒரு கணக்குச் சொல்கிறது: இரண்டு வருடத்துக்கு மேல் குடியிருந்தவரிடம் சாதாரணமாகப் பெயின்ட் அடிக்கப் பிடித்தம் இல்லை. மனிதர் வாழ்ந்தால் சுவர் மங்கத்தான் செய்யும். அந்தத் தேய்மானத்துக்கும் சேர்த்துத்தானே ஏழு வருடம் வாடகை கொடுத்தோம்.

அக்டோபர் 12

வீட்டுக்காரர் நிறுவனத்துக்குக் கடிதம். படிவத்தின் நகல், படம், மின்னஞ்சல் எல்லாம் இணைத்தேன். 14 நாளுக்குள் டெபாசிட் முழுவதையும் திருப்புங்கள், வசூல் நிறுவனத்திடமிருந்து கோரிக்கையை வாபஸ் வாங்குங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

ஒன்றைக் கணவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். 21 நாள் தவறினால் டெபாசிட்டைப் பிடித்து வைக்கும் உரிமைதான் போகும். சேதத்துக்குத் தனியாகக் கோரும் உரிமை போகாது. 1995-இல் மாநில உச்ச நீதிமன்றமே அப்படித்தான் தீர்ப்பளித்திருக்கிறது. அதனால் காலக்கெடுவை மட்டும் நம்பி உட்கார முடியாது. 2018-இன் படிவமும் கூட வேண்டும்.

நவம்பர் 5

இரண்டு பதில்கள். வசூல் நிறுவனம் கணக்கை மூடி வீட்டுக்காரரிடமே திருப்பிவிட்டதாக இரண்டு வரி. வீட்டுக்காரர், ‘நல்லெண்ண அடிப்படையில்’ 1,940-ஐக் கைவிடுகிறாராம், டெபாசிட் மட்டும் பெயின்ட்டுக்கும் சுத்தம் செய்ததற்கும் சரியாகிவிட்டதாம்.

கிரெடிட் அறிக்கைகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம், சுத்தமாக இருக்கின்றன. கணவருக்கு அதுவே பெரிய ஆறுதல். “இதோட விட்டுடலாமா?” என்று மெதுவாகக் கேட்டார். வேண்டாம் என்றேன். ரசீது இல்லாமல் 1,000 டாலரை வைத்துக்கொள்வதில் நல்லெண்ணம் எங்கே இருக்கிறது?

நவம்பர் 14

சான் ஹோசே இருக்கும் சாண்டா கிளாரா கவுண்டியின் சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் மனு போட்டாயிற்று. தனிநபர் 12,500 டாலர் வரை அங்கே கேட்கலாம், விசாரணையில் வக்கீல் நமக்காக வந்து வாதாட முடியாது, எதிர்த் தரப்புக்கும் அப்படியே. டெபாசிட் 1,000, கெட்ட எண்ணத்தோடு பிடித்து வைத்ததற்கு அதன் இரண்டு மடங்கு வரை, ஆக 3,000 கேட்டிருக்கிறோம். மனுக் கட்டணம் 50. விசாரணை ஜனவரியில். இரண்டு மடங்கைத் தருவதா இல்லையா என்பது நீதிபதி கையில், ஆனால் அந்த ஆயிரத்தில் ஒரு டாலரைக்கூட நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மாலையில் அக்காவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். “நான்தான் கட்டிட்டேனே, இனிமே என்னம்மா பண்றது?” என்றார். எழுத்து ஒப்பந்தத்தின் பேரில் வழக்குப் போட இந்த மாநிலத்தில் நான்கு வருட அவகாசம் இருக்கிறது, அவர் காலி செய்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. லீஸ், குடியேறியபோது நிரப்பிய படிவம், இரண்டு தவணையும் கட்டிய வங்கிக் கணக்குத் தாள், அந்தப் பழைய கடிதம் எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.