தணிக்கை நிறுவனத்தில் கோடைக்காலப் பயிற்சி: கையில் வரும் வேலைகளும் அவற்றில் சறுக்கும் இடங்களும்

கணக்கியல் படிக்கும் மாணவர் கோடை விடுமுறையில் ஒரு தணிக்கை நிறுவனத்துக்குப் பயிற்சிக்குப் போனால், முதலில் கைக்கு வருவது பெரும்பாலும் வங்கிச் சரிகட்டும் பட்டியல் (வங்கி அறிக்கையையும் நிறுவனத்தின் ரொக்க ஏட்டையும் பொருத்திப் பார்ப்பது), வவுச்சர் சரிபார்ப்பு (கணக்குப் பதிவுகளை அவற்றின் ஆதார ஆவணங்களோடு ஒப்பிடுவது), எக்செல் கோப்புகளின் கூட்டுத்தொகை சரிபார்ப்பு ஆகியவைதான். சின்ன வேலைகள் போலத் தெரியும். மூத்தவர்கள் எழுதும் முடிவுகள் எல்லாம் இவற்றின்மேல்தான் நிற்கின்றன. விடை சரியாகவே இருந்தாலும், அதற்கு எப்படி வந்தோம் என்பதை இன்னொருவர் நம்மைக் கேட்காமலே புரிந்துகொள்ள முடியாவிட்டால் அந்த வேலை முடிந்ததாக அங்கே யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பயிற்சிக்காலம் முழுக்க நான் பழகியது இதைத்தான்.

வேலை தொடங்கும் முன்பே சுயேச்சைத்தன்மை குறித்த உறுதிமொழிப் படிவம் ஒன்று வரும். நிறுவனம் தணிக்கை செய்யும் கிளையண்டுகளின் பங்குகள் உங்களிடமோ குடும்பத்திலோ இருக்கின்றனவா, உறவினர் யாராவது அங்கே கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார்களா என்று கேட்பார்கள். பயிற்சி மாணவர்தானே என்று மேலோட்டமாக நிரப்பிக் கொடுக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் எழுதிவிடுவதே நல்லது. பிரச்சினை என்றால் உங்களை வேறு கிளையண்டுக்கு மாற்றிவிடுவார்கள், அவ்வளவுதான்.

கிளையண்ட் அனுப்பும் எந்தப் பட்டியலாக இருந்தாலும், உள்ளே ஒரு வரியைச் சோதிக்கும் முன் அதன் மொத்தத்தைப் பேரேட்டோடும் (எல்லாக் கணக்குப் பதிவுகளும் உள்ள ஏடு) இருப்பாய்வோடும் (எல்லாக் கணக்குகளின் இருப்புகளையும் தொகுத்த பட்டியல்) பொருத்திப் பாருங்கள். பொருந்தாத பட்டியலிலிருந்து மாதிரி எடுத்து மணிக்கணக்கில் சரிபார்த்தாலும் அந்த உழைப்பு வீண்தான். எக்செல்லில் இந்த இடத்தில் தவறு நடக்கும் வழிகள் சில உண்டு. எண்கள் எண்ணாக அல்லாமல் உரையாகச் (டெக்ஸ்ட்) சேமிக்கப்பட்டிருந்தால் ‘சம்’ சூத்திரம் அவற்றைக் கூட்டாமல் விட்டுவிடும். கலம் இடப்பக்கம் ஒட்டி நின்றால் சந்தேகப்பட வேண்டும். வடிகட்டி மறைத்த வரிகளையும் ‘சம்’ கூட்டிவிடும். கண்ணில் தெரிவதை மட்டும் கூட்ட ‘சப்டோட்டல்’ வேண்டும். ‘வி-லுக்அப்’ சூத்திரத்தின் கடைசி இடத்தில் ‘ஃபால்ஸ்’ போடாவிட்டால் தோராயப் பொருத்தம் எடுத்து, பிழை எதுவும் காட்டாமல் தவறான எண்ணைத் தரக்கூடும். 15 இலக்கங்களுக்கு மேல் உள்ள கணக்கு எண்ணை எண்ணாகவே உள்ளிட்டால் மீதி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும், அதை உரையாக வைக்க வேண்டும். கிளையண்ட் கொடுத்த மூலக் கோப்பைத் தொடாமல், பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

வங்கிச் சரிகட்டும் பட்டியலைப் பாடப்புத்தகத்தில் போட்டிருப்போம். வேலையில் அது இரண்டு பக்கமும் திருத்தி ஒரே எண்ணுக்கு வர வேண்டிய கணக்கு. வங்கி அறிக்கை இருப்பு 84,200 என்று கொள்வோம். கட்டியும் வங்கி இன்னும் வரவு வைக்காத 6,500ஐக் கூட்டி, கொடுத்தும் பணமாக்கப்படாத காசோலைகள் 12,300ஐக் கழித்தால் 78,400. ரொக்க ஏட்டில் 78,650 இருக்கிறது. வங்கிக் கட்டணம் 350ஐக் கழித்து, வட்டி 100ஐக் கூட்டினால் அதே 78,400. இதோடு நின்றுவிட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. அந்த 6,500 அடுத்த மாத அறிக்கையில் சில நாட்களுக்குள் வந்ததா, காசோலைகள் பிறகு பணமாயினவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் வராமல் நிற்கும் வரவுதான் கவலைக்குரியது. பணம் கையாடப்பட்ட இடம் பல நேரங்களில் அப்படிப்பட்ட வரியில்தான் மறைந்திருக்கும்.

பொருந்தாமல் நிற்கும் தொகையைத் தேட இரண்டு பழைய வழிகள் இன்றும் நேரத்தை மிச்சப்படுத்துகின்றன. வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு. 5,430ஐ 5,340 என்று எழுதினால் வித்தியாசம் 90. ஒரு பூஜ்யம் விடுபட்டு 4,500 என்பது 450 ஆனாலும் வித்தியாசமான 4,050, 9ஆல் வகுபடும். வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகையைப் பேரேட்டில் தேடினால், பற்றில் வர வேண்டியது வரவில் போயிருப்பது சில சமயம் கிடைத்துவிடும்.

வவுச்சர் சரிபார்ப்பில் புதியவர்களைக் குழப்புவது திசை. பேரேட்டிலிருந்து ஒரு பதிவை எடுத்து அதற்கான இன்வாய்ஸைத் தேடினால், பதிந்தது உண்மையில் நடந்ததா என்று தெரியும். பொய் விற்பனையைக் காட்டிக்கொடுப்பது இந்தத் திசை. ஆவணத்தை முதலில் எடுத்து, எடுத்துக்காட்டாக டெலிவரி குறிப்பிலிருந்து கிளம்பி, அது பேரேட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் விடுபட்டவை தெரியவரும். செலவைக் குறைத்துக் காட்டியிருப்பார்களோ என்ற சந்தேகத்துக்குப் பேரேட்டிலிருந்து கிளம்பிப் பயனே இல்லை, எழுதாமல் விட்டது பேரேட்டில் எப்படி இருக்கும்? எந்தச் சோதனை கொடுத்தாலும் ‘நாம் தேடுவது கூடுதலாகப் பதிந்ததையா, விடுபட்டதையா’ என்று மூத்தவரிடம் முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

இன்வாய்ஸ் கையில் வந்ததும் தொகையை மட்டும் பார்த்து டிக் போடுவது பரவலான பழக்கம். யார் பெயருக்கு வந்தது, எந்தத் தேதி, எந்தக் காலத்துக்கான சேவை, ஒப்புதல் தந்தவருக்கு அந்த அளவுக்கு அதிகாரம் உண்டா, சரியான கணக்குத் தலைப்பில் ஏறியதா என்பவையும் சோதனையின் பகுதிதான். இயந்திரம் வாங்கிய தொகை பழுதுபார்ப்புச் செலவில் போய் உட்கார்ந்தால் தொகை பொருந்தும், லாபம் தவறாக வரும். ஆண்டு முடிவையொட்டிய சில நாட்களின் பதிவுகளில் கூடுதல் கவனம் வேண்டும். சரக்கு போனது எந்தத் தேதியில் என்பதை டெலிவரி குறிப்பில் பார்த்து, விற்பனையும் அதே ஆண்டில் ஏறியிருக்கிறதா என்று இரு பக்கமும் சரிபார்க்க வேண்டும்.

மாதிரியில் வந்த ஆவணம் கிடைக்கவில்லை என்றால் அதை விட்டுவிட்டு வேறொன்றை எடுக்கக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வேன். கிடைக்காத ஆவணமே ஒரு விடை. அதை அப்படியே எழுதி மூத்தவரிடம் கொண்டுபோங்கள். கிளையண்டின் கணக்காளர் வாய்மொழியாகச் சொல்லும் விளக்கமும் தனியாகச் சான்றாகாது. அவர் சொன்னதை எழுதுங்கள், யார் எந்தத் தேதியில் சொன்னார் என்பதோடு. பிறகு அதை நிரூபிக்கும் காகிதத்தைத் தேடுங்கள்.

கடனாளிகளுக்கு நிலுவை உறுதிக் கடிதம் (கிளையண்டுக்கு அவர்கள் தர வேண்டிய தொகை சரிதானா என்று கேட்பது) அனுப்பும் வேலையில் ஒரு விதி உயிர்நாடி: அனுப்புவதும் பதிலைப் பெறுவதும் தணிக்கையாளர் கையில் இருக்க வேண்டும். கிளையண்ட் வழியாக வரும் பதிலின் நம்பகத்தன்மை போய்விடும். முகவரியையும் மின்னஞ்சலையும் வேறு வழியில் சரிபாருங்கள். நினைவூட்டியும் பதில் வராவிட்டால், ஆண்டு முடிவுக்குப் பின் அந்தக் கடனாளியிடமிருந்து வந்த பணத்தை வங்கி அறிக்கையில் பார்த்து, அது எந்த இன்வாய்ஸுக்கானது என்று பொருத்தலாம்.

சரக்கிருப்பு எண்ணிக்கைக்கு அழைத்துப்போனால் வசதியான செருப்பல்ல, மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள். கிடங்கில் பாதுகாப்பு விதி இருக்கும். எண்ணுவது கிளையண்டின் ஆட்கள், நாம் கவனித்து மறுபடி எண்ணிப் பார்ப்பவர்கள். பட்டியலிலிருந்து சில பொருட்களை எடுத்து அலமாரியில் தேடுங்கள், அலமாரியிலிருந்து சிலவற்றை எடுத்துப் பட்டியலிலும் தேடுங்கள். மேலே சொன்ன திசைக் கணக்குதான் இங்கும். அடுக்கின் உட்பக்கம் காலியாக இருக்கலாம், பெட்டிகளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தூசி படிந்தவற்றையும் உடைந்தவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள், அவற்றின் மதிப்பைக் குறைக்க வேண்டியிருக்கலாம். அடுத்தவருக்குச் சொந்தமான சரக்கு அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள். கடைசியாக உள்ளே வந்ததற்கும் வெளியே போனதற்கும் உரிய ஆவண எண்களை எழுதிக்கொள்ளாமல் கிளம்பினால் பிறகு தேதிப் பிரிவை, அதாவது ஒவ்வொரு பதிவும் சரியான ஆண்டில் ஏறியிருக்கிறதா என்பதை, சோதிக்க வழியிருக்காது.

இவற்றையெல்லாம் பணித்தாளில் (தணிக்கையில் செய்த வேலையைப் பதிந்துவைக்கும் தாள்) எழுதும்போது நோக்கம், தரவு வந்த இடம், செய்த வேலை, கண்டது, முடிவு என்ற ஐந்தும் இருக்க வேண்டும். செய்தவர் முதலெழுத்து, தேதி, டிக் குறிகளின் பொருள் ஆகியவையும் சேர வேண்டும். இந்தத் தணிக்கையோடு தொடர்பே இல்லாத ஓர் அனுபவமுள்ள தணிக்கையாளர் படித்தாலும் புரிய வேண்டும் என்பது சர்வதேசத் தணிக்கைத் தரநிலை 230 வைக்கும் அளவுகோல். ‘சரிபார்த்தேன், சரி’ என்று எழுதினால் அது தேறாது. ‘வங்கி அறிக்கையின் இன்ன பக்கத்தில் இன்ன தேதியில் வரவானதைப் பார்த்தேன்’ என்று எழுதினால் தேறும். பார்க்காததற்கு டிக் போடுவது எந்த நெருக்கடியிலும் கூடாது.

மூத்தவர் திருப்பி அனுப்பும் மறுபார்வைக் குறிப்புகளைக் கண்டு மனம் சோர வேண்டியதில்லை, அனுபவசாலிகளுக்கும் அவை வருகின்றன. ‘முடிந்தது’ என்று பதில் போடாமல், என்ன மாற்றினீர்கள், எந்தத் தாளில் பார்க்கலாம் என்று எழுதுங்கள். நேரப் பதிவேட்டையும் அன்றன்றே நிரப்புங்கள். மெதுவாகச் செய்தது தெரிந்துவிடுமே என்று மணிநேரத்தைக் குறைத்து எழுதினால், அடுத்த ஆண்டு அதே வேலைக்கு வருபவருக்குப் போதாத நேரம்தான் ஒதுக்கப்படும்.

கேள்விகளைக் கிளையண்டிடம் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் நிற்காமல், சேர்த்துவைத்து, மூத்தவரிடம் காட்டிவிட்டு ஒரே முறையாகக் கேளுங்கள். பயிற்சி முடியும் வாரத்தில் முடிந்தவை, பாதியில் நிற்பவை, யாரிடமிருந்து எந்த ஆவணம் வர வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி ஒப்படையுங்கள். கோப்புகள் எதையும் சொந்த மின்னஞ்சலுக்கோ பென் டிரைவுக்கோ மாற்றக் கூடாது, வெற்றுப் படிவமாக இருந்தாலும் அனுமதி கேட்டே எடுக்க வேண்டும். சுயவிவரத்தில் கிளையண்ட் பெயரைப் போடாமல் ‘நடுத்தர உற்பத்தி நிறுவனத்தின் கடனாளிகள் சோதனை, சரக்கிருப்பு எண்ணிக்கை’ என்று வேலையைச் சொல்லி எழுதலாம்.