நெட் நூலகவியல்: மின் நூலகப் பகுதியைக் கையால் செய்து படியுங்கள்

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வின் முடிவு வந்து, நூலக அறிவியலில் உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்துவிட்டது. மனம் இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறது. பெங்களூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே படித்தவள் நான். அதே நிலையில் இருப்பவர்களுக்கு இது பயன்படலாம். முதல் தாளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் தாளில் எனக்குக் கைகொடுத்தது மின் நூலகப் பகுதிதான்.

மின் நூலக மென்பொருள்களை உருவாக்கியவர்கள் யார் என்பதை, டிஸ்பேஸ் என்றால் எம்ஐடியும் ஹெச்பியும், ஈபிரிண்ட்ஸ் என்றால் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம், கிரீன்ஸ்டோன் என்றால் வைக்காட்டோ பல்கலைக்கழகம் என்று மனப்பாடம் செய்வது பொருத்துக வினாக்களுக்குப் போதும். கூற்று-காரண வினாக்களுக்கு, மின் நூலகத்தில் நூலகர் என்ன முடிவெடுக்கிறார் என்பது தெரிந்திருக்க வேண்டும். எனக்குச் செய்து பார்த்தால்தான் மனத்தில் நிற்கும் என்பதால், வீட்டுக் கணினியில் கிரீன்ஸ்டோனை நிறுவினேன். டிஸ்பேஸைவிட நிறுவுவது எளிது.

உ.வே.சா. பதிப்பித்த சிலப்பதிகாரத்தை உள்ளிட்டபோதுதான் நூல் விவரங்களைப் பதிவதற்கான தர முறையான டப்ளின் கோரின் 15 கூறுகளும் எனக்கு உண்மையில் விளங்கின. 'கிரியேட்டர்' (படைத்தவர்) இளங்கோவடிகள், அப்படியானால் உரை எழுதிய அடியார்க்குநல்லாரையும் பதிப்பாசிரியரையும் 'கான்ட்ரிபியூட்டர்' (பங்களித்தவர்) என்று இட வேண்டும். அந்தப் பதிப்பாசிரியரோ ஒரு நூலில் உ.வே.சா., இன்னொன்றில் சாமிநாதையர், வேறொன்றில் பட்டங்களோடு மகாமகோபாத்தியாயர். எல்லாவற்றையும் அப்படியே ஏற்றினால், ஒரு பெயரில் தேடும் மாணவருக்கு மற்றப் பெயர்களில் உள்ள நூல்கள் அகப்படாமலே போகும். அந்தப் பெயர்களை ஒன்றாக நிலைப்படுத்துவது நூலகரின் பொறுப்பு. மென்பொருள் அதைத் தானாகச் செய்துவிடாது.

கட்டாயம் பார்க்க வேண்டியவை இன்னும் சில:

மின் களஞ்சியங்களிலிருந்து விவரப் பதிவுகளைத் திரட்டும் நெறிமுறையான ஓஏஐ-பிஎம்ஹெச்சின் ஆறு வினைகளையும் (கட்டளைச் சொற்கள்) ஏதாவதொரு களஞ்சியத்தின் முகவரியோடு சேர்த்து உலாவியில் இட்டுப் பாருங்கள். திரையில் வரும் எக்ஸ்எம்எல்லைப் பார்த்தபின் அவை மறக்காது.

மின் ஆவணங்களை நெடுங்காலம் காப்பதற்கான மாதிரியான ஓஏஐஎஸ்ஸில் சிப், ஏஐபி, டிப் என்ற வரிசையை, நூலகத்துக்கு வந்த கோப்பு, காக்கப்படும் கோப்பு, வாசகருக்குத் தரப்படும் கோப்பு என்று நினைவில் வையுங்கள்.

பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விட்டுவிடாதீர்கள். அச்சுப் பிரதியைத் தன்னிடம் வைத்துள்ள, வணிக நோக்கமற்ற பொது நூலகம், பாதுகாப்புக்காக அதை மின்வடிவில் சேமிக்கலாம் என்பது 2012 திருத்தத்தில் வந்தது. சேமிப்பதற்கான இந்த அனுமதியை, எல்லோருக்கும் இணையத்தில் திறந்துவிடும் உரிமையாகக் கொள்ளக் கூடாது.

பெங்களூரில் இருப்பவர்கள், இந்திய அறிவியல் கழகத்தின் ஈபிரிண்ட்ஸ் களஞ்சியத்தில் சில கட்டுரைகளைத் திறந்து, ஒவ்வொன்றின் விவரப் பதிவையும் டப்ளின் கோர் கூறுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேர்வுக்கு முந்தைய வாரத்திலும் இதைச் செய்யலாம்.