அப்பாயியின் தகரப்பெட்டி: ஒரு மனம் மாறுவதைக் கதையில் எழுதக் கற்ற அனுபவம்

உயர்தரம் படிக்கும்போது தமிழ்மொழித் தினப் போட்டியில் சிறுகதை ஆக்கத்துக்குப் பெயர் கொடுத்தேன். வலய மட்டத்தில் ‘பிரிவு’ என்று தலைப்பு வந்தது. உடனே அப்பாவின் அம்மாவான அப்பாயிதான் நினைவில் நின்றார். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தப்படி, இந்திய வம்சாவளித் தமிழரில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானதில், இலங்கை மலையகத்தில் எத்தனையோ குடும்பங்கள் இரண்டாகின. எங்களுடையதும் அப்படித்தான். அப்பாயியின் தங்கச்சி ஹட்டனில் கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, நீலகிரிக்குப் போய்ச் சேர்ந்தார். அப்பாயி கையிலும் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. இந்த வருசம், அடுத்த வருசம் என்று தள்ளிப்போய், 1984இல் கப்பலே நின்றுவிட்டது. 2003இல் வந்த சட்டத்தோடுதான் அவர் இந்த நாட்டுப் பிரசையானார்.

கதைக்கு வேண்டியதெல்லாம் வீட்டிலேயே இருந்தும் என் கதை தேறவில்லை. ஸ்டேஷனில் அக்கா கதறினாள், தங்கை கதறினாள், பனியும் மலையும்கூடக் கண்ணீர் வடித்தன. கடைசியில் கிழவி திடீரென்று ‘இதுதான் என் மண்’ என்று சொல்லிக் கண்ணை மூடினாள். எழுதும்போது நானும் அழுதேன். அதனாலேயே நல்ல கதை என்று நம்பினேன்.

எங்கள் தமிழ் மிஸ் அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு, “மகள், உங்க அப்பாயி இந்தியா போறதுக்குன்னு எதையாச்சும் எடுத்து வச்சிருந்தாங்களா?” என்று கேட்டார். தகரப்பெட்டியைப் பற்றிச் சொன்னேன். தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயக் காம்பராவில் ஈரம் ஏறாமல் இரண்டு செங்கல் மேல் இருக்கும். உள்ளே பாஸ்போர்ட், தங்கச்சியின் கடிதங்கள், கப்பல் ஏறும்போது உடுத்துவதற்கென்று எடுத்த அரக்குப் பட்டுச் சேலை. வருசத்துக்கு ஒருமுறை, மழை ஓய்ந்த தை மாதத்தில், சேலையை வாசல் கொடியில் போட்டு வெயில் காட்டுவார். சாயங்காலம் அதே மடிப்பில் மடித்து உள்ளே வைப்பார். எங்களைத் தொட விடமாட்டார். நான் சொல்லி முடித்ததும் மிஸ், “இது ஏன் கதையில இல்ல?” என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி ஒரு வருசம் அந்தக் கதையைத் திருப்பித் திருப்பி எழுதினேன். போட்டிக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்கு அதில் கற்றதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில், பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தால் மட்டும் போதாது. அப்பாயிக்குத் தங்கச்சியிடம் போக வேண்டும், அது எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும். அவர் மனதுக்குள் எதை நம்பி வாழ்ந்தார் என்பதைத்தான் நான் யோசிக்கவேயில்லை. யோசித்தபோது மரக்கறித் தோட்டம் ஞாபகம் வந்தது. பக்கத்துக் காம்பராக்காரர் பேரி மரம் வைத்தார். அப்பாயி கீரை மட்டும்தான் போடுவார். “மரம் வச்சா யாரு இருந்து பறிக்கிறது?” என்பார். முப்பது வருசம் அந்த நிலத்தில் ஒரு மரம்கூட வைக்கவில்லை. இது தங்குமிடம், வீடு இல்லை: அதுதான் அவர் நம்பிக்கை. அதை விட்டுக்கொடுத்தால் தங்கச்சியையே கைவிட்டதாகிவிடும் என்ற பயம் அதற்கும் அடியில். அந்தப் பயம் தெரிந்த பிறகுதான் கிழவி என் தாளில் உயிரோடு நடமாடினாள்.

அடுத்தது மாற்றம். மனம் மாறியது என்று எழுதினால் வாசகர் கேட்டுக்கொள்வார், நம்பமாட்டார். நான் செய்தது, ஒரே காரியத்தை மூன்று முறை காட்டியது. முதல் தை மாதத்தில் சேலையை வெயிலில் போடுகிறாள், மடிக்கும்போது கப்பல் நாளை எண்ணுகிறாள். இரண்டாவதில் கப்பல் நின்றுவிட்டது, ஊரே சொல்லியும் அதே மடிப்பு. மூன்றாவதில் பேத்தி பெரியமனுசியான சடங்குக்கு அதை எடுத்துக் கொடுக்கிறாள். காரியம் ஒன்றே, கை மட்டும் வேறு விதமாக அசைகிறது. வாசகர் தானே கூட்டிப் பார்த்துக்கொள்வார்.

ஆனால் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் ஒன்று நடக்க வேண்டும். என் பழைய கதை முறிந்த இடம் இதுதான். பல நாள் யோசித்து ஒரு தொலைபேசி அழைப்பை வைத்தேன். கூடலூர்ப் பக்கத்திலிருந்து தங்கச்சி பேசுகிறாள். அங்கேயும் கொழுந்துதான் எடுத்தாளாம், இப்போது முடியவில்லையாம். போனை வைக்கும் முன், “அக்கா, அம்மாவப் பொதைச்ச எடத்துல இப்ப யாரு வெளக்கு வைக்கிறா?” என்று கேட்கிறாள். கிழவி பதில் சொல்லவில்லை. அடுத்த காட்சியில் மருமகளிடம் தேங்காய் எண்ணெய் கேட்கிறாள். போக வேண்டும் என்ற தவிப்பும் இருக்க வேண்டும் என்ற காரணமும் ஒரே தங்கச்சியிடமிருந்து வருவதால், தங்கிவிடுவது கைவிடுவதாகாது. அந்தப் பயம் அவிழ வேண்டிய இடம் அதுவே.

ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். உண்மையில் அப்பாயி சேலையை யாருக்கும் கொடுக்கவில்லை. அவர் இறந்த பிறகு நாங்கள்தான் பெட்டியைத் திறந்தோம். அம்மா சேலையை உதறியபோது மடிப்பு மடிப்பாகக் கிழிந்தது. அவர் செய்யாததை எழுதுவது துரோகமா என்று எனக்கு நிறையக் குழப்பம் இருந்தது. இப்போது அப்படி நினைக்கவில்லை. நடந்த உண்மையை வேறொரு வாசல் வழியாகக் கதைக்குள் கொண்டுவந்தேன்: சடங்குக்கு உடுத்தும்போது சேலை மடிப்பில் கிழிகிறது. அத்தை ஊசி குத்தி மறைக்கிறாள். பேத்தி கையைத் தூக்காமல் நிற்கிறாள். கிழவி காலம் கடந்து கொடுத்தாள் என்பதை அந்தக் கிழிசல் சொல்லும். மாற்றத்துக்கு ஒரு விலை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் சமாதானம்.

மற்றவை சின்ன விசயங்கள். பனிமூட்டத்தோடு கதையைத் தொடங்காதீர்கள். நான் பின்னர் வாசித்த மாணவர் கதைகளில் பெரும்பாலானவை அப்படித்தான் தொடங்கின. பனியால் யாராவது எதையாவது பார்க்கத் தவறினால் மட்டும் பனி வரட்டும். பிரட்டு, கவ்வாத்து, படங்கு என்று நம் வாயில் வரும் தோட்டத்துச் சொற்களை அப்படியே எழுதுங்கள், விளக்கம் போடாதீர்கள். மண்டபத்தில் நேரம் குறைவு. தலைப்பு கிடைத்ததும் முதல் வரியைத் தேடாமல், பாத்திரம் கடைசியாகச் செய்யும் காரியம் என்ன என்று தாளின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். அது கிடைத்தால் தொடக்கம் தானாக வரும்.

என் கதையின் கடைசி வரி முதலில் ‘அவள் கண்கள் கலங்கின’ என்றிருந்தது. அதை வெட்டினேன். அதற்குப் பதிலாக, சடங்கு முடிந்த மறுநாள் காலை, ரொட்டி சுடப் போகும் கிழவி மாவு வாளியைத் தூக்கி, யாரும் எதுவும் வைக்கக் கூடாதென்று அத்தனை வருசம் காத்த தகரப்பெட்டியின் மேல் வைக்கிறாள்.